முடிந்த வரிக் கணக்கை மீண்டும் திறக்கலாமா?
சேலத்து வழக்கும் மறுமதிப்பீட்டின் எல்லைகளும்

வருமான வரிக் கணக்கை உரிய காலத்தில் கொடுத்து, வரியையும் செலுத்தி, அந்த ஆண்டு முடிந்துவிட்டது என்று அமைதியோடு இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, 'தங்கள் வருமானத்தில் ஒரு பகுதி மதிப்பீட்டிலிருந்து தப்பியிருப்பதாகத் தெரிகிறது. அதனை ஏன் மீண்டும் மதிப்பிடலாகாது என்பதற்கு விளக்கம் தருக' என்னும் அறிவிப்பு அத்தகைய வீட்டிற்கு வருமாயின், வீட்டார் அஞ்சுவது இயல்பே. அந்த அச்சத்தில் இரண்டு தவறான வழிகளுள் ஒன்றைப் பலர் மேற்கொள்கின்றனர். கேட்டதைக் கொடுத்துத் தொலைத்துவிடுவோம் என்று தேவையற்ற வரியையும் வட்டியையும் செலுத்துவோர் ஒரு சாரார். நாம் ஒரு தவறும் செய்யவில்லையே என்று விடையே எழுதாமல் இருந்துவிடுவோர் மற்றொரு சாரார். இரண்டினாலும் நட்டமே. முடிந்த கணக்கைத் திறக்க அரசுக்கு எந்த அளவுக்கு உரிமை உண்டு, அவ்வுரிமைக்கு எங்கே வேலியிடப்பட்டுள்ளது என்பதை அறிந்துகொண்டால், இவ்விரண்டு தவறுகளையும் தவிர்க்கலாம். இப்பொருள் பற்றி நம் நாட்டு நீதிமன்றங்கள் எண்ணிறந்த தீர்ப்புகள் வழங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று நம் சேலத்திலிருந்தே சென்றது. அதனை முன்வைத்தே இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

சேலத்து வழக்கு

நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று. அதற்கு முன் அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சேலம் பிராவிடண்ட் ஃபண்ட் சொசைட்டி என்னும் நிறுவனத்தின் வழக்கு அந்தப் பழைய சேலத்துக் காலத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்ட இவ்வழக்கு, 1961-ஆம் ஆண்டில் வருமான வரித் தீர்ப்புத் தொகுதிகளுள் 42-ஆவதில் வெளிவந்தது. அந்நாளில் நடப்பிலிருந்தது 1922-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 34-ஆம் பிரிவின்படி, வருமானம் மதிப்பீட்டிலிருந்து தப்பியது என்று கருதுவதற்குரிய 'தகவல்' வரி அலுவலரிடம் இருந்தால் அவர் முடிந்த மதிப்பீட்டைத் திறக்கலாம்.

தகவல் என்றால் என்ன? வெளியிலிருந்து வரும் செய்திதான் தகவல் ஆகுமா? அலுவலரின் கோப்பிலேயே முன்பே கிடந்த ஒன்றை அவரே பிறகு பார்த்தால், அதுவும் தகவல் ஆகுமா? 'கோப்பிலுள்ள எதுவும் தகவல் ஆகாது. அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டியவர் அவர்தாமே' என்பது வரி செலுத்துவோர் பக்கத்து வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும்.

உயர் நீதிமன்றம் இவ்வாதத்தை அந்த அளவுக்கு ஏற்க மறுத்தது. அது காட்டிய காரணம் மிக எளியது. கோப்பிலுள்ள ஒரு பிழையை மேலதிகாரியோ கீழுள்ள எழுத்தரோ கண்டு அலுவலரிடம் சொன்னால் அது தகவல் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வர். அதே பிழையை அவரே கண்டால் மட்டும் அது தகவல் ஆகாது என்பது எங்ஙனம்? அப்போது அவர் தமக்குத் தாமே தெரிவித்துக்கொள்கிறார். ஆகவே கோப்பின் முகத்திலேயே தெரியும் வெளிப்படையான பிழையாயின், அந்தக் கோப்பே தகவலின் ஊற்றாகலாம் என்று நீதிபதிகள் கூறினர். பின்னாளில் உச்ச நீதிமன்றமும் இக்கருத்தை எடுத்தாண்டுள்ளது.

'வெளிப்படையான பிழை' என்னும் சொற்களை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும். சேலத்து வழக்கு அலுவலருக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று மட்டும் கொள்வோர் அச்சொற்களை விட்டுவிடுகின்றனர். கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டால் அது பிழை. இரு பொருளுக்கு இடமுள்ள ஒரு செய்தியை ஆராய்ந்து, ஒரு முடிவுக்கு வந்து, ஆண்டுகள் கழித்து 'வேறு விதமாக முடிவு செய்திருக்கலாமே' என்று எண்ணினால் அது பிழை ஆகாது, கருத்து மாற்றம். மறுமதிப்பீட்டுச் சட்டத்தின் நுட்பமெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வரப்பில்தான் இருக்கிறது.

கருத்து மாற்றம் காரணமாகாது

இவ்வரப்பைத் தெளிவாக இட்ட வழக்குகளுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். முதலாவது, 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த இந்தியன் அண்டு ஈஸ்டர்ன் நியூஸ்பேப்பர் சொசைட்டி வழக்கு. அச்சங்கத்திற்குத் தில்லியில் சொந்தக் கட்டடம் இருந்தது. அதிலுள்ள கூடத்தையும் அறைகளையும் வாடகைக்கு விட்டதால் வந்த பணம் தொழில் வருமானம் என்று மதிப்பிடப்பட்டது. பின்னர் அரசுத் தணிக்கையாளர், அது வீட்டுச் சொத்து வருமானம் என்ற தலைப்பில் வரவேண்டும் என்று குறிப்பெழுதினர். அக்குறிப்பைக் கொண்டு அலுவலர் கணக்கைத் திறந்தார். சட்டத்திற்குப் பொருள் சொல்லும் அதிகாரம் தணிக்கையாளருக்கு இல்லை. ஆதலால் சட்டம் பற்றிய அவர் கருத்து தகவல் ஆகாது என்று நீதிமன்றம் அந்தத் திறப்பைத் தள்ளியது.

இரண்டாவது, 1991-இல் தீர்க்கப்பட்ட ஏ.எல்.ஏ. ஃபர்ம் வழக்கு. இதுவும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே சென்றதே. கூட்டு நிறுவனம் ஒன்று கலைக்கப்பட்டபோது அதன் சொத்துகளை எந்த விலைக்குக் கணக்கிடுவது என்பது சிக்கல். அது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பே அளித்திருந்த தீர்ப்பொன்றை, முதல் மதிப்பீட்டின்போது அலுவலர் கவனிக்கவில்லை. பின்னர் அது அவர் கண்ணில் பட்டது, கணக்கைத் திறந்தார். இத்திறப்பு செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். காரணம், அவர் முதலில் அப்பொருளை ஆராய்ந்து ஒரு கருத்துக் கொள்ளவே இல்லை. கொண்ட கருத்தை மாற்றிக்கொண்டிருந்தால் திறந்திருக்க முடியாது. சேலத்து வழக்கையும் தில்லி வழக்கையும் முரணின்றிப் பொருத்திப் பார்க்க விரும்புவோர்க்கு இத்தீர்ப்பு நல்ல துணை என்பது எம் எண்ணம்.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 147-ஆம் பிரிவு 1989 ஏப்ரல் முதல் மாற்றி எழுதப்பட்டது. இது தொடர்பாக ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. 'நம்புவதற்குக் காரணம் உண்டு' என்ற பழைய சொற்களை நீக்கிவிட்டு, அலுவலர் 'கருதினால்' போதும் என்று மாற்றவே முதலில் முற்பட்டனர். பல தரப்பிலிருந்தும் எதிர்ப்பு எழவே, பழைய சொற்களே மீண்டும் வைக்கப்பட்டன. கெல்வினேட்டர் நிறுவன வழக்கில் 2010 சனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இந்த வரலாற்றை எடுத்துக்காட்டி, அலுவலருக்கு மறுமதிப்பீடு செய்யும் அதிகாரமே உண்டு, தம் பழைய ஆணையை மறு ஆய்வு செய்யும் அதிகாரம் இல்லை என்றது. கையில் பிடித்துக் காட்டத்தக்க புதிய சான்று இருக்க வேண்டும். அச்சான்றுக்கும் வருமானம் தப்பியது என்ற நம்பிக்கைக்கும் நேரான தொடர்பும் இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது.

தொடர்பு பற்றி 1976-ஆம் ஆண்டின் லக்மணி மேவால் தாஸ் வழக்கிலேயே சொல்லியிருந்தனர். ஊரில் சிலர் பொய்க் கடன் சீட்டு எழுதிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டனர் என்பதனாலேயே, அவர்களிடம் கடன் வாங்கிய ஒவ்வொருவர் கணக்கும் பொய் என்று ஆகிவிடாது. ஐயம் வேறு, நம்புவதற்குரிய காரணம் வேறு. மேலதிகாரியின் ஒப்புதலும் வெறும் சடங்காகிவிடக் கூடாது. 1971-இல் தீர்க்கப்பட்ட சுகமல் ராஜ்பால் வழக்கில், அறிவிப்பு அனுப்பத் தக்கதுதானா என்ற வினாவுக்கு எதிரே ஆணையர் 'ஆம்' என்னும் ஒரே சொல்லை எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். மனத்தைச் செலுத்தாத ஒப்புதல் என்று அந்த அறிவிப்பையே நீதிமன்றம் நீக்கிவிட்டது.

நம் கடமை எதுவரை?

இதுவரை சொன்னவை அலுவலர் பக்கத்து எல்லைகள். வரி செலுத்துவோர்க்கும் ஓர் எல்லையுண்டு. கல்கத்தா டிஸ்கவுண்ட் கம்பெனி வழக்கு இதற்கு அடிப்படையானது. 1960 நவம்பரில் தீர்க்கப்பட்டது. அந்நிறுவனம் பங்குகளை விற்றதில் வந்த ஆதாயத்தை வணிக ஆதாயம் என்று சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 1942-43 முதல் மூன்று மதிப்பீட்டாண்டுகளின் கணக்கைத் திறக்க 1951-இல் அறிவிப்புகள் சென்றன. ஐந்து நீதிபதிகளுள் மூவர் நிறுவனத்தின் பக்கம் நின்றனர். அடிப்படைச் செய்திகளை முழுமையாகவும் உண்மையாகவும் எடுத்து வைப்பது வரி செலுத்துவோர் கடமை. அச்செய்திகளிலிருந்து என்ன முடிவு கொள்வது என்பது அலுவலரின் வேலை. அதையும் அவருக்காகச் செய்து கொடுக்க வேண்டியதில்லை என்பது பெரும்பான்மையோர் தீர்ப்பு.

இதிலிருந்து நம் குடும்பங்கள் கொள்ள வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊர்களில் பூர்வீக நிலம் வைத்துக்கொண்டு சேலம், நாமக்கல் பகுதிகளில் ஆசிரியராகவோ அலுவலராகவோ பணியாற்றும் நம்மவர், சம்பளத்தை மட்டும் காட்டிவிட்டு, வேளாண் வருமானத்துக்கு வரியில்லையே என்று அதைக் கணக்கறிக்கையில் எழுதாமல் விட்டுவிடுவதுண்டு. வரியில்லாத வருமானத்தையும் அதற்குரிய கட்டத்தில் எழுதிவிடுவதே பாதுகாப்பு. பின்னாளில் வங்கியில் போட்ட பணம் கேள்விக்கு உள்ளாகும்போது, 'அன்றே சொன்னோம்' என்று காட்ட முடியும். சொல்லாமல் விட்டவரோ அன்றைய உண்மையை இன்றைக்கு மெய்ப்பிக்க வேண்டியவராகிறார்.

இன்னொன்றையும் ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும். 'கருத்து மாற்றம்' என்னும் காப்பு எல்லார்க்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. இன்று பெரும்பாலோரின் கணக்கறிக்கையை எந்த அலுவலரும் வரி வரியாக ஆராய்வதில்லை. கணினி சரிபார்த்து 143(1) பிரிவின் கீழ் ஒரு செய்தி அனுப்புகிறது, அவ்வளவே. ராஜேஷ் ஜவேரி ஸ்டாக் புரோக்கர்ஸ் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய செய்தி மதிப்பீட்டு ஆணை ஆகாது என்றது. ஆராய்ந்தவர் எவருமில்லாத இடத்தில் கருத்தேது? கருத்தில்லாத இடத்தில் மாற்றமேது? 'என் கணக்கு ஏற்கப்பட்டுவிட்டது, செய்தி வந்துவிட்டது' என்று அந்தத் தாளைச் சட்டமிட்டு மாட்டாத குறையாகப் போற்றி வைத்திருப்போர் இதனைக் கருத வேண்டும். கேள்விகள் கேட்டு, விடைகள் பெற்று, 143(3) பிரிவின் கீழ் ஆணையிட்ட கணக்குகளுக்கே இக்காப்பு முழு வலிமையோடு பொருந்தும்.

2021-க்குப் பின்

2021 ஏப்ரல் முதல் இப்பகுதி முழுவதும் திருத்தி அமைக்கப்பட்டது. 'நம்புவதற்குக் காரணம்' என்னும் சொற்கள் சென்றன. வருமானம் தப்பியிருக்கலாம் என்று 'சுட்டும் தகவல்' இருந்தால் போதும் என்றாயிற்று. எவையெவை தகவல் என்பதையும் சட்டமே வரையறுத்தது. வங்கி, பதிவு அலுவலகம் முதலியவை அனுப்பும் விவரங்களைக் கணினி அலசிச் சுட்டுவதும், தணிக்கையாளரின் மறுப்புக் குறிப்பும் அவ்வரையறைக்குள் வருகின்றன. 1979-ஆம் ஆண்டுத் தில்லி வழக்கு நமக்குத் தந்த காப்பு இவ்வகையில் பெரிதும் குறைந்துவிட்டது. இதனை நாம் வருத்தத்தோடே நோக்குகிறோம். ஆயினும் கருத்து மாற்றத்தால் மட்டும் திறக்கலாகாது என்னும் நெறியைப் புதிய சட்டத்திலும் பம்பாய் முதலிய உயர் நீதிமன்றங்கள் கைவிடவில்லை.

குறைத்த கையே ஒன்றைக் கூட்டியும் தந்தது. 148-ஆம் பிரிவு அறிவிப்புக்கு முன்பே, 148ஏ என்னும் புதிய பிரிவின்படி, தகவல் இன்னதென்று தெரிவித்து விளக்கம் கேட்க வேண்டும். விடையைக் கருதிப் பார்த்துக் காரணங்களோடு ஆணையிட வேண்டும். முன்பு இந்த உரிமை, ஜி.கே.என். டிரைவ்ஷாஃப்ட்ஸ் வழக்கில் 2002 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறையால், அறிவிப்பு வந்த பின்னரே கிடைத்தது. இப்போது முன்பே கிடைக்கிறது.

கொரோனாக் காலத்தில் பழைய சட்டமா, புதிய சட்டமா என்ற குழப்பம் எழுந்தது. 2021 ஏப்ரலுக்குப் பிறகும் பழைய பிரிவின்படியே நாடெங்கும் ஏறத்தாழ 90,000 அறிவிப்புகள் சென்றுவிட்டன. உச்ச நீதிமன்றம் 2022 மே 4 அன்று ஆஷிஷ் அகர்வால் வழக்கில், அவற்றை அடியோடு நீக்காமல், புதிய பிரிவின்படி விளக்கம் கேட்டு அனுப்பியவையாகக் கொள்ள ஆணையிட்டது. அவற்றின் கால எல்லை பற்றி எழுந்த கேள்விகளை 2024 அக்டோபர் 3 அன்று ராஜீவ் பன்சால் வழக்கில் தீர்த்தது. அக்காலத்து அறிவிப்புப் பெற்றவர்கள் நாள் கணக்கைத் தாமே போடாமல், இவ்விரு தீர்ப்புகளையும் அறிந்த ஆடிட்டரிடம் காட்டுவதே நல்லது.

காலம்

காலமே எல்லா வேலிகளினும் உறுதியானது. 1989-க்கு முன் பெருந்தொகையாயின் 16 ஆண்டுகள் வரைகூடத் திறக்கலாம் என்றிருந்தது. 2001-இல் அது 6 ஆண்டுகளாகவும், 2021-இல் பொதுவாக 3 ஆண்டுகளாகவும், தப்பிய வருமானம் 50 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆயின் 10 ஆண்டுகளாகவும் மாறியது. 2024 செப்டம்பர் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மதிப்பீட்டாண்டு முடிந்து 3 ஆண்டு 3 மாதங்களுக்குப் பின் 148 அறிவிப்பு அனுப்பலாகாது. 50 இலட்சமோ அதற்கு மேலோ தப்பியதைக் காட்டும் சான்று அலுவலரிடம் இருந்தால் மட்டும் 5 ஆண்டு 3 மாதம் வரை அனுப்பலாம்.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். ஆத்தூர்ப் பக்கத்தில் மரவள்ளி பயிரிட்ட ஒரு குடும்பம், கிழங்கைச் சேகோ ஆலைகளுக்கு விற்றுக் கிடைத்த 14 இலட்சம் ரூபாயை 2020-21 நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் ரொக்கமாகப் போட்டது என வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 10 இலட்சத்தைத் தொட்ட ரொக்கம் என்பதால், அக்காலத்து விதிப்படி வங்கி அதனை வரித்துறைக்குத் தெரிவித்திருக்கும். அக்குடும்பம் கணக்கறிக்கை கொடுக்கவில்லையாயின் கணினி சுட்டிக்காட்டும். மதிப்பீட்டாண்டு 2021-22, அது முடிவது 2022 மார்ச் 31. தொகை 50 இலட்சத்துக்குக் கீழே. எனவே 148 அறிவிப்புக்குரிய கடைசி நாள் 2025 சூன் 30. அதற்குப் பின் வந்த அறிவிப்புக்குக் காலம் கடந்தது என்பதே முதல் விடையாகும். தொகை 50 இலட்சத்தைத் தொட்டிருந்தால், கடைசி நாள் 2027 சூன் 30.

உரிய காலத்திற்குள் அறிவிப்பு வந்திருந்தால்? அப்போது சிட்டா, அடங்கல், ஆலையின் எடைச் சீட்டு, விற்ற கிழங்குக்கான பட்டி ஆகியவற்றின் படிகளை இணைத்து, எந்நாளில் எவ்வளவு விற்றது, எந்நாளில் வங்கியில் போட்டது என்று வரிசையாக எழுத வேண்டும். 'நாங்கள் விவசாயிகள்' என்ற ஒற்றை வரி போதாது. தகவல் என்று சொல்லப்பட்டதன் விவரம் அறிவிப்பில் இல்லையாயின் அதனைக் கேட்டு எழுதலாம்; மேலதிகாரியின் ஒப்புதல் உண்டா என்றும் பார்க்கலாம். விடைக்குரிய காலம் அறிவிப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் முடியாதெனில், காலம் கடக்கும் முன்பே அவகாசம் கேட்டுவிட வேண்டும்.

தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்து நிற்பார் என்று காத்திருத்தல் இக்காலத்துக்கு ஒவ்வாது. அறிவிப்புகள் வருமான வரித் தளத்திலுள்ள நம் கணக்கிலும் மின்னஞ்சலிலும் வருகின்றன. லாரித் தொழில் நடத்தும் நாமக்கல் நண்பரும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சேலத்து நண்பரும் பெரும்பாலும் ஆடிட்டரின் மின்னஞ்சலையோ, எந்நாளோ மாற்றிவிட்ட கைப்பேசி எண்ணையோதான் பதிந்து வைத்திருக்கின்றனர். அறிவிப்பு வந்ததே தெரியாமல் ஒருதலையாக ஆணை பிறந்துவிடுகிறது. மாதத்திற்கு ஒரு முறையேனும் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு அத்தளத்தைத் திறந்து பார்ப்பது நலம்.

148ஏ பிரிவின்படி 'திறக்கத் தக்கது' என்று ஆணை வந்தால் அதற்கு நேரான மேல்முறையீடு இல்லை. காலம் கடந்தது, ஒப்புதல் இல்லை, தகவலே இல்லை என்பன போன்ற அடிப்படைக் குறையிருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தரலாம். மற்றவற்றில் மறுமதிப்பீட்டில் கலந்துகொண்டு, இறுதி ஆணை வந்த 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் செல்வதே வழி. சிறு தொகைக்காக உயர் நீதிமன்றம் செல்வதை நாம் பரிந்துரைப்பதில்லை. வழக்குச் செலவு வரியை விஞ்சிவிடும்.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திற்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டுள்ளது. அதில் 'மதிப்பீட்டாண்டு' என்ற சொல் நீங்கி 'வரி ஆண்டு' என்பது இடம்பெறுகிறது. பிரிவு எண்களும் மாறுகின்றன. அந்நாளுக்கு முன் தொடங்கிய ஆண்டுகளின் கணக்குகளுக்குப் பழைய சட்டமே தொடர்ந்து பொருந்தும். ஆகையால் மேலே சொன்ன எண்கள் இன்னும் சில ஆண்டுகள் நமக்கு வேண்டியிருக்கும். வங்கிப் புத்தகம், எடைச் சீட்டு, கிரயப் பத்திரப் படி, கொடுத்த கணக்கறிக்கை, அதனுடன் அலுவலருக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றை நிதியாண்டு வாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் அந்த நிதியாண்டு முடிந்த நாளிலிருந்து ஆறே கால் ஆண்டு கழிந்த தேதியை எழுதி வைக்கலாம். 2023-24 கட்டின் மேல் எழுத வேண்டிய தேதி 2030 சூன் 30.